பின்பக்கம் டிஸ்க் போட்டாச்சு, ஹேண்ட்பிரேக் எங்கே?

பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கி, இந்த எபிசோடை வாசிப்பதற்கு ஏற்றபடி திருத்தித் தந்திருக்கிறோம்.

போன எபிசோடில் பழைய ஜீப்பின் பின்பக்க டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவதைப் பற்றிப் பேசினோம். சேறு உள்ளே தங்காது, தண்ணீரில் இறங்கி ஏறினால் சீக்கிரம் காய்ந்துவிடும், பேட் மாற்றுவது சுலபம். எல்லாம் சரி. அதைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணே, டிஸ்க் போட்டாச்சு. ஹேண்ட்பிரேக் கேபிளை எங்கே மாட்டுறது?"

நியாயமான கேள்வி. ஆனால் பலர் இதை டிஸ்க் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது பழைய ஷார்ட் சேஸிஸ் ஜீப். ஒரு பட்டறையில் பின்பக்கம் டிஸ்க் போடக் கொடுத்தேன். வண்டி திரும்பி வந்தபோது டிஸ்க் இருந்தது, சாதாரண காலிப்பர் இருந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் இரண்டும் சேஸிஸோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டியிருந்தது. கேட்டதற்கு, "ஜீப்புக்கு எதுக்கு சார் ஹேண்ட்பிரேக்? கியர்ல போட்டா நிக்கும், ஒரு கல்லு வச்சா போதும்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தப்பு அவர்களுடையது மட்டும் இல்லை.

ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு நண்பருடைய நிலத்துக்குப் போயிருந்தோம். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, ட்ரான்ஸ்ஃபர் லீவரை 4 லோவுக்குத் தள்ளினேன். சரியாக விழவில்லை. "சரி, இறங்கிப் பாதையைப் பாத்துட்டு வந்துடலாம்" என்று இன்ஜினை ஆஃப் செய்து, முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கினேன். வண்டி நின்றது. கியர்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிடித்தது கியர் இல்லை. பின் டயருக்குப் பின்னால் ஒரு மரவேர் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ட்ரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்தது. நண்பன் பின்பக்கம் ஏறித் தண்ணீர்க் கேனை இறக்கினான். அந்த ஆட்டத்தில் டயர் வேரைத் தாண்டியது. அவன் கேனோடு பக்கவாட்டில் நாலு அடி வைத்திருப்பான், வண்டி பின்னால் உருள ஆரம்பித்துவிட்டது. இருபது இருபத்தைந்து அடி போய் ஒரு மண்மேட்டில் இடித்து நின்றது. பம்பரும் டெயில் லைட்டும் போனதோடு முடிந்தது. நாலு விநாடி முன்னால் என்றால் அவன் வண்டிக்கு நேர் பின்னால் நின்றிருப்பான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன், நாலு மெக்கானிக்கைப் பார்த்தேன், இரண்டு மூன்று வழிகளைக் கையாலேயே செய்து பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம்: பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது? இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கியர் பார்க்கிங் பிரேக் இல்லை

கியரில் போட்டு நிறுத்தும்போது உண்மையில் வண்டியைப் பிடிப்பது இன்ஜினின் கம்ப்ரஷன். அங்கிருந்து கிளட்ச், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ப்ராப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் ஷாஃப்ட், அப்புறம்தான் டயர். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் வண்டி உருளும். எனக்கு விட்ட கண்ணி ட்ரான்ஸ்ஃபர் கேஸ்.

கண்ணி எதுவும் விடாவிட்டாலும் கம்ப்ரஷன் நிரந்தரம் இல்லை. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று, ரிங் வழியாகவும் வால்வு வழியாகவும் மெல்லக் கசியும். கசிந்ததும் இன்ஜின் கொஞ்சம் சுற்றும், அடுத்த சிலிண்டரின் கம்ப்ரஷன் பிடிக்கும், அதுவும் கசியும். பழைய இன்ஜின் வண்டிகள் ஏற்றத்தில் நின்றபடியே ஒரு இன்ச், ஒரு இன்ச்சாக நகர்வது இதனால்தான்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். "பி"யில் போட்டால் கியர் பாக்ஸுக்குள் ஒரு இரும்பு நாக்கு பல்சக்கரத்தில் போய் மாட்டும். அது ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னால் இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் அந்த நாக்குக்கும் டயருக்கும் சம்பந்தமே இல்லை.

டிரம்மில் இரண்டு பிரேக் இருந்தது

டிரம்மை எடுத்தபோது நாம் எதை இழந்தோம்? கால் பிரேக், ஹேண்ட்பிரேக் இரண்டும் அங்கே ஒரே வீட்டில் குடியிருந்தன. கால் பிரேக் ஆயிலால் ஷூவைத் தள்ளும். ஹேண்ட்பிரேக் அதே ஷூவைக் கேபிளால் இழுக்கும். டிரம்மைக் கழற்றி சாதாரண காலிப்பர் போட்டால், இரண்டு பிரேக்கை எடுத்துவிட்டு ஒன்றைத்தான் திருப்பி வைக்கிறோம்.

டிரம்முக்கு இன்னொரு குணம் உண்டு. வண்டி உருளப் பார்த்தால் டிரம் சுற்றப் பார்க்கும். அப்போது ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். நாம் கொடுத்த பலத்தோடு அதுவே கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். டிஸ்க்குக்கு இந்தக் குணம் கிடையாது. எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவுதான்.

எவ்வளவு பிடிக்க வேண்டும்?

கொஞ்சம் கணக்கு போடலாம், பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் கார் பிரேக் விதி பார்க்கிங் பிரேக்குக்கு வைக்கும் சோதனை இது: 20 சதவீத ஏற்றத்தில், முழு பாரத்தோடு, மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் 5 நிமிடம் நிற்க வேண்டும். கையால் இழுக்கும் பலம் சுமார் 40 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. 20 சதவீதம் என்றால் நூறு அடி போனால் இருபது அடி உயரம், சுமார் 11 டிகிரி.

சாமானோடு 1,600 கிலோ வரும் ஜீப்பை அந்த ஏற்றத்தில் நிறுத்தினால், அதைக் கீழே இழுக்கும் பலம் சுமார் 314 கிலோ. நாம் போகும் பாதை அப்படியா இருக்கிறது? 30 டிகிரி ஏற்றம் என்று வையுங்கள். இழுப்பு 800 கிலோ. இரண்டரை மடங்கு!

30 இன்ச் டயரின் ஆரம் சுமார் 38 சென்டிமீட்டர். 800 கிலோவை அந்த ஆரத்தில் பிடிக்க, இரண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்து சுமார் 304 கிலோ மீட்டர் டார்க் வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 152. இதைச் சாதாரண அளவு டிஸ்க் பிடிக்க வேண்டும் என்றால், பேட் டிஸ்க்கை ஏறக்குறைய 1,800 கிலோ பலத்தில் நெரிக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பதோ 40 கிலோ. நடுவில் இருக்கும் லீவர், கேபிள், ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்து அதைப் பெருக்கித் தர வேண்டும். "கேபிளை எங்கேயாவது மாட்டினா போதும்" என்பது ஏன் நடக்காது என்று இப்போது புரியும்.

33 இன்ச் டயர் போட்டால் இந்தக் கணக்கில் இன்னும் பத்து சதவீதம் ஏறும். டயரைப் பெரிதாக்கும்போது ஹேண்ட்பிரேக்கைச் சின்னதாக்குகிறோம் என்று அர்த்தம்.

இன்னொன்று. பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும் பிரேக், வண்டி மேல்நோக்கி நிற்கும்போது நன்றாகப் பிடிக்கும், ஏனென்றால் எடை பின்னால் சாய்கிறது. மூக்கு கீழே பார்த்தபடி நின்றால் எடை முன்னால் போய்விடும். பிரேக் இறுகித்தான் இருக்கும், ஆனால் டயரே சறுக்கும். ஃபோர் வீலில் போட்டு, முன் ஹப்பையும் லாக் செய்துவிட்டால் முன் சக்கரமும் துணைக்கு வரும். செலவில்லாத வேலை.

முதல் வழி: டிஸ்க்குக்குள் குட்டி டிரம்

டிஸ்க்கின் நடுப்பகுதி தொப்பி மாதிரி உப்பியிருக்கும் இல்லையா, அதற்குள் ஆறேழு இன்ச் விட்டத்தில் ஒரு சின்ன டிரம். வெளியே டிஸ்க் கால் பிரேக்குக்கு, உள்ளே ஷூ ஹேண்ட்பிரேக்குக்கு. லேண்ட் குரூசர் 80, ஜீப் ரேங்லர் ஜேகே எல்லாம் இந்த வகை. அமெரிக்காவில் பழைய ஜீப்புக்கு 1995க்குப் பிந்தைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்ஸிலை அப்படியே தூக்கி வைப்பார்கள். டிஸ்க், உள் டிரம் இரண்டும் அதோடு சேர்ந்தே வரும் என்பது ஒரு முக்கியக் காரணம்.

நம் கேள்வியைக் கேட்போம். பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? வீல் போல்ட் தவிர ஒன்றும் இல்லை. ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் கழன்று விழுந்தாலும் பிடிக்கும். டிரம்முக்கே உரிய சுயமாக இறுகும் குணமும் கிடைக்கும். நிறுத்தி வைப்பதற்கு என்னைக் கேட்டால் இதுதான் முதல் மார்க்.

குறை? சேறு. உள்ளே போன சேறு வெளியே வராது. இந்த ஷூ ஓடும்போது தேய்வதே இல்லை என்பதால், புது லைனிங் டிரம்மோடு சரியாக உட்காராமலே வருஷக்கணக்கில் இருக்கும், துருவும் பிடிக்கும். புதிதாகப் போட்டதும் ஆள் இல்லாத இடத்தில், மெதுவான வேகத்தில், லீவரைக் கொஞ்சமாக இழுத்துப் பிடித்து ஓட்டி, லைனிங்கை உட்கார வைக்க வேண்டும்.

அட்ஜஸ்ட் செய்யும்போது பலர் செய்யும் தப்பு ஒன்று: லூஸாக இருந்தால் உடனே கேபிளை முறுக்குவார்கள். முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். பிறகு உள்ளே இருக்கும் பல் வைத்த அட்ஜஸ்டரைத் திருப்பி, ஷூ லேசாக உரசும் வரை கொண்டுவந்து, ஒன்றிரண்டு பல் பின்னால் விடுங்கள். கடைசியாகத்தான் கேபிள். தலைகீழாகச் செய்தால் லீவர் இறுக்கமாகத் தெரியும், வண்டி நிற்காது.

இரண்டாம் வழி: லீவர் வைத்த காலிப்பர்

பின் டிஸ்க் வைத்த பல கார்களில் காலிப்பரின் முதுகில் ஒரு சின்ன லீவர் இருக்கும். கேபிள் அதை இழுத்தால் உள்ளே ஒரு ஸ்க்ரூ சுற்றி, பிஸ்டனைத் தள்ளும். ஒரே காலிப்பர், ஒரே பேட், இரண்டு வேலை. அமெரிக்காவில் எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் காடிலாக் எல்டொராடோ காலிப்பர் இதற்குப் பேர்போனது. நம் ஊரில் புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் மார்க்கெட்டில் பொறுமையாகத் தேடினால் இந்த வகை கிடைக்கும். பிராக்கெட்டை மட்டும் லேத்தில் கொடுத்துச் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே டிஸ்க் போட்டவர்களுக்கு இதுதான் குறைந்த வேலை. ஆனால் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, பேட் தேயத் தேய உள்ளே ஸ்க்ரூ தானாக முன்னேற வேண்டும். பல காலிப்பர்களில் அது நடப்பது ஹேண்ட்பிரேக்கை அடிக்கடி போட்டு எடுத்தால்தான். "நான் ஹேண்ட்பிரேக்கே போடுறதில்ல" என்று விட்டுவைத்தால், தேவைப்படும் அன்று லீவர் கூரை வரை வரும், பேட் டிஸ்க்கைத் தொடாது. இரண்டு, பேட் மாற்றும்போது இந்தப் பிஸ்டனை கிளாம்ப் வைத்து நெட்டித் தள்ளக் கூடாது. பெரும்பாலானவற்றில் சுற்றிச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். தள்ளினால் ஸ்க்ரூ போய்விடும். மூன்று, சூடு. இறக்கத்தில் பிரேக் பிடித்து இறங்கி, டிஸ்க் கொதிக்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால், ஆற ஆற டிஸ்க்கும் பேடும் சுருங்கும், பிடி தளரும். டிரம்மில் நேர்மாறு, ஆறும்போது டிரம் சுருங்கி ஷூவை இன்னும் கவ்வும். ஆகவே டிஸ்க் வண்டியில் பத்து நிமிடம் கழித்து லீவரை இன்னொரு முறை இழுத்துவிடுங்கள்.

மூன்றாம் வழி: தனியாக ஒரு சின்ன காலிப்பர்

அதே டிஸ்க்கில் இன்னொரு பக்கம், கேபிளில் மட்டும் இயங்கும் சின்ன காலிப்பர். வில்வுட் மாதிரி கம்பெனிகள் தயாரிக்கின்றன, பந்தய பக்கிகளில் பார்க்கலாம். ஆயில் சிஸ்டத்தைத் தொடவே வேண்டாம் என்பது வசதி. ஆனால் பேட் சின்னது, பல மாடல்களில் லீவரும் சின்னது. மேலே சொன்ன 1,800 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்த பக்கிக்கு ஒத்துவரும். சாமான், ரூஃப் கேரியர், நாலு பேர் என்று ஏற்றிய வண்டிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நான்காம் வழி: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பிரேக்

இதில்தான் அதிகக் குழப்பம், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம்.

இது புது யோசனை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் கால வில்லிஸ் ஜீப்பிலேயே ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், ப்ராப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம், அதைச் சுற்றி ஒரு பட்டை. லேண்ட் ரோவரில் 1948 முதல், பழைய டிஃபெண்டர் உற்பத்தி நின்ற 2016 வரை, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் ஹேண்ட்பிரேக். டிஃபெண்டரில் பின்பக்கம் டிஸ்க் வந்த பிறகும் இது அங்கேயே இருந்தது. சக்கரத்தில் என்ன இருந்தாலும் இதற்குக் கவலையில்லை.

ஏன் இவ்வளவு சின்ன பிரேக் போதுகிறது? டிஃபரன்ஷியல் ரேஷியோ 4 என்று வையுங்கள். ஷாஃப்ட் நாலு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஷாஃப்டில் பிடித்தால் அந்தப் பிடி சக்கரத்தில் நாலு மடங்காகும். மேலே கணக்குப் போட்ட 304 கிலோ மீட்டரை ஷாஃப்டில் 76ஆல் பிடித்துவிடலாம். ஒரே கேபிள், சக்கரத்துச் சேற்றிலிருந்து தள்ளி, உயரமான இடம். ஃபோர் வீலில் போட்டால் நாலு சக்கரத்துக்கும் பிடி. எனக்கு நடந்தது மாதிரி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் மாட்டிக்கொண்டாலும் பிடிக்கும், ஏனென்றால் பிரேக் அதற்குப் பின்னால் இருக்கிறது.

கேட்க ரொம்ப நன்றாக இருக்கிறது, இல்லையா? இப்போது நம் கேள்வி. பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? யூனிவர்சல் ஜாயின்ட், ப்ராப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல், ஆக்ஸில் ஷாஃப்ட்.

டிஃபரன்ஷியலை எடுத்துக்கொள்ளுங்கள். லாக்கர் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலில், ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும் ஒரு சக்கரம் முன்னால் சுற்றினால் மற்றது பின்னால் சுற்றலாம். இரண்டு டயரும் தரையில் இருக்கும்வரை அது நடக்காது. ஆனால் பஞ்சருக்கு ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால்? தூக்கிய சக்கரம் தலைகீழாகச் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும். ஹேண்ட்பிரேக் முழுசாக இழுத்திருக்கும், அதில் ஒரு கோளாறும் இருக்காது! பாறையில் ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் இதே கதைதான். இந்த வகை வைத்திருப்பவர்கள் ஜாக்கி போடும் முன் ஃபோர் வீலில் போட வேண்டும். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் சென்டர் டிஃப் லாக் போட வேண்டும். அதோடு சக்கரத்துக்குக் கட்டை. மூன்றும்.

அடுத்து, காட்டில் யூனிவர்சல் ஜாயின்ட் உடைந்து பின் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக்கும் அதோடு போச்சு. கழற்றுவதற்கு முன்னால் கட்டை போட்டுவிட்டுத்தான் வண்டிக்கு அடியில் போக வேண்டும். இன்னொன்று, ஓடும் வண்டியில் இதை இழுக்கவே கூடாது. அந்த நாலு மடங்கு பலம் ஒரே அடியாக ஷாஃப்டிலும் ஆக்ஸிலிலும் இறங்கும், எது உடையும் என்று சொல்ல முடியாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் ஆயில் சீல் கசிந்தால் லைனிங் நனைந்துவிடும் என்பதும் இதன் பழைய வியாதி. டிரம்முக்குப் பதில் அங்கே சின்ன டிஸ்க்கும் காலிப்பரும் வைக்கும் கிட்களும் உண்டு. சுத்தம் செய்வதும் பேட் மாற்றுவதும் சுலபமாகும், டிஃபரன்ஷியல் பிரச்சினை மட்டும் மாறாது.

பிரேக் போட்டுவிட்டுக் காலை எடுத்ததும் வண்டி ஒரு கை அகலம் ஆடி நிற்கும். பல்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அது. கோளாறு இல்லை, பயப்பட வேண்டாம்.

லைன் லாக்கும் மின்சார பிரேக்கும்

"ஆயில் லைன்ல ஒரு வால்வு வச்சு, பெடலை மிதிச்சுப் பூட்டிட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதுதான் லைன் லாக். வின்ச் போடும்போது, நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது உதவும். அதை நம்பி இறங்கிப் போகக் கூடாது. சீலில் ஒரு சொட்டுக் கசிந்தாலும், ஆயில் குளிர்ந்து சுருங்கினாலும் அழுத்தம் இறங்கும். இறங்குவது வெளியே தெரியாது. ஆயில் அழுத்தத்தை மட்டும் நம்பாமல், இயந்திரப் பூட்டால் நிற்பதுதான் பார்க்கிங் பிரேக். அதனால்தான் இத்தனை வருஷமாகக் கேபிளும் பல் வைத்த லீவரும் மாறாமல் இருக்கின்றன.

மின்சார பிரேக்கில் சின்ன மோட்டார் ஒன்று ஸ்க்ரூவைச் சுற்றிப் பேடை இறுக்கும், அல்லது கேபிளை இழுக்கும். கரண்ட் போனாலும் பிடி விடாது, ஸ்க்ரூ அப்படியே நிற்கும். ஆனால் பேட்டரி செத்தால் விடுவிப்பதும் சிரமம். கம்பெனியிலேயே வந்த வண்டியில் அது நல்ல ஏற்பாடு, டிஸ்க் ஆறும்போது மறுபடி இறுக்கும் புத்தியும் பலவற்றில் உண்டு. பழைய ஜீப்பில், பழைய வயரிங்கில், தண்ணீரில் இறங்கும் வண்டியில் பிற்பாடு சேர்ப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை.

நான் போட்டது

எனக்குப் பின்பக்கம் லாக்கர் இல்லை. அடிக்கடி ஒரு சக்கரம் தூக்கும் பாதைகளில் போகிறேன். அதனால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பிரேக்கை விட்டேன். குட்டி டிரம் வேண்டும் என்றால் ஆக்ஸிலிலேயே பெரிய வேலை, பட்ஜெட் இடம் தரவில்லை. கடைசியில் லீவர் வைத்த காலிப்பர் இரண்டு வாங்கி, சீல் கிட் மாற்றி, பிராக்கெட் செய்து மாட்டினேன். செய்துகொடுத்த பெரியவர் ஒருவர், பழைய லாரி மெக்கானிக், கேபிளை மாட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காத. மாசம் ஒரு தடவ குனிஞ்சு பாரு."

அவர் சொன்னது சரி. இரண்டாவது மழைக்காலத்தில் செம்மண் அடைந்து இடது பக்க லீவர் முழுசாகத் திரும்பி வராமல் போனது. பிரேக் உரசி, டிஸ்க் சூடாகி, நாற்றம் வந்துதான் தெரிந்தது. இப்போது சேற்றில் போய்வந்தால் மறுநாள் கழுவி, லீவர் ஸ்டாப்பரைத் தொடுகிறதா என்று கையால் தள்ளிப் பார்க்கிறேன். கேபிள் முனைக்கு கிரீஸ். பத்து நிமிட வேலை.

உங்களுக்கு வேறு விடை வரலாம். டிரம்மே நன்றாக வேலை செய்கிறது, தண்ணீர் சேறு அதிகம் இல்லை என்றால், டிரம்மைத் தொடாமல் விடுவதும் ஒரு நல்ல விடைதான்.

ஒரு வார்த்தை சட்டம் பற்றி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. பிரேக் மாற்றுவது ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரி இல்லை. கை வைப்பதற்கு முன் ஆர்டிஓவிலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்

டிஸ்க்கோ டிரம்மோ, எல்லோருக்கும் இது. ஆள் நடமாட்டம் இல்லாத, கெட்டியான ஏற்றம் ஒன்றைப் பாருங்கள். பின் டயருக்கு ஒரு அடி தள்ளிக் கட்டை போட்டு வையுங்கள். வண்டியில் வழக்கமாக ஏற்றும் சாமானை ஏற்றுங்கள். நீங்கள் சீட்டிலேயே உட்கார்ந்து, கால் பிரேக் பிடித்து, கியரை நியூட்ரலாக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெதுவாக எடுங்கள். ஐந்து நிமிடம். பிறகு வண்டியைத் திருப்பி, மூக்கு கீழே பார்க்க, கட்டையை முன் டயருக்கு மாற்றிப் போட்டு, இன்னொரு ஐந்து நிமிடம். நகர்ந்தால் உங்களிடம் இருப்பது ஹேண்ட்பிரேக் இல்லை, ஒரு கைப்பிடி.

தினமும் நிறுத்தும் வரிசையும் சொல்லிவிடுகிறேன். கால் பிரேக். ட்ரான்ஸ்ஃபர் லீவர் எங்கே இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்ப்பது. ஹேண்ட்பிரேக். காலை மெதுவாக எடுத்து, வண்டியின் எடை ஹேண்ட்பிரேக்கில் உட்காருகிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகு கியர், அப்புறம் இன்ஜின் ஆஃப். முதலில் கியர் போட்டால், பிடிப்பது கியரா பிரேக்கா என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த மரவேர் கதை அங்கேதான் ஆரம்பிக்கும்.

கடைசியாகக் கட்டை. என் வண்டியில் இப்போது புளிய மரத்தில் செதுக்கிய இரண்டு கட்டை, கயிறு கட்டி, பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. புது பிரேக் போட்ட பிறகும் எடுத்துப் போடவில்லை. அந்த நண்பன் இன்றைக்கும் என்னோடு வருகிறான். வண்டி நின்றதும் முதலில் இறங்கி, பக்கவாட்டில் நின்று, கட்டையைப் போட்டுவிட்டு, "மச்சான், இப்ப காலை எடு" என்று அவன்தான் சொல்வான்.

அடுத்த எபிசோடில், டிஸ்க் போட்ட பிறகு பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று பார்ப்போம். ஏற்றத்தில் செய்து பார்த்தவர்கள் எத்தனை நிமிடம் நின்றது என்று எழுதி அனுப்புங்கள். நிற்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.